காயாத பெயிண்ட்

சுற்றறிக்கையில் களப்பயணம் என்றிருந்தது.
நாலு மணிக்குள் மூன்று படங்கள் ஏற்ற வேண்டும்:
பலகை தெரிய ஒன்று,
பிள்ளைகள் கைநீட்டி உறுதிமொழி எடுப்பது ஒன்று,
தண்ணீர் தெரிய ஒன்று.
குழியை எந்த இடத்திலும் குழி என்று எழுதவில்லை.
"கைவிடப்பட்ட நீர்நிலை."

பள்ளியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்தான்.
பர்கூர் ரோட்டைக் கடக்கையில் மட்டும்
லாரிகளை நிறுத்தினேன்.
முப்பத்தேழு பேர்.
இரண்டிரண்டாக நிறுத்தினால் ஒன்று மிஞ்சும் எண்.
மிஞ்சிய நவ்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
போன வருஷம் மிஞ்சவில்லை.

மாந்தோப்பு முழுக்கச் சத்தம்.
யாரோ ஒரு கிளிமூக்கு மாங்காயைச் சட்டைக்குள் ஒளித்தார்கள்.
பார்த்தேன், பார்க்கவில்லை.
கல் பாலிஷ் பட்டறையின் வெள்ளைச் சேறு
செருப்பில் ஒட்டி எல்லோரும் ஒரு விரல் உயரமானார்கள்.

குழி அழகாக இருந்தது.
இதை யாரிடம் சொல்ல.
மூன்று பக்கமும் செங்குத்தாக அறுத்த கல்,
துளை போட்ட தடம் கோடுகோடாக,
அடியில் மயில்கழுத்து நிறத்தில் அசையாத தண்ணீர்.
"ஐயோ, சூப்பரா இருக்கு மிஸ்" என்றார்கள்.
பயமுறுத்த வந்தவள்
பதில் இல்லாமல் நின்றேன்.

ஆழம் எவ்வளவு என்றான் மாதேஷ்.
நான் கணக்கு டீச்சர்.
குவாரி ஏட்டில் ஓர் எண், தாலுகா ஏட்டில் ஓர் எண்,
தீயணைப்புக்காரர் கயிற்றில் இன்னொன்று.
கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி வரும்.
ஆழம் வராது.

வேலி நேற்றுதான் போட்டிருக்கிறார்கள்.
கம்பிச்சுருளில் கடைச்சீட்டு இன்னும் தொங்குகிறது.
நாலாவது பக்கம் வருவதற்குள்
கம்பி தீர்ந்துவிட்டதாம்.

ஏப்ரலில், கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம்
ஒருவர்மேல் ஒருவர் மையடித்தார்கள்.
எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான்.
கேட்டில் நின்று கத்தியது நான்:
"இந்தக் கோலத்தோட வீட்டுக்குப் போங்க,
அம்மா தோலை உரிப்பாங்க."

லோகித்தும் அவன் அண்ணனும்
சட்டை அலசத்தான் இங்கே வந்தார்கள்.
காயும்வரை குளிக்கலாம் என்று இறங்கியிருக்கிறார்கள்.
சட்டைகள் இரண்டும் பாறைமேல் கிடந்தன,
நன்றாகப் பிழிந்து, சுருக்கமில்லாமல் விரித்து,
பறக்காதிருக்க ஆளுக்கொரு கல் வைத்து.
நீலம் போயிருக்கவில்லை.

கேட்டில் நான் சொன்னதை
விசாரணையில் சொல்லவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.

உறுதிமொழி நீளமானது.
பாதியில் யாரோ தும்ம, வரிசை முழுக்கச் சிரித்தது.
சிரிக்கட்டும் என்று விட்டேன்.
நவ்யா மட்டும் கையை இறக்காமல்
அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள்.

படத்துக்கு இடம் பற்றாமல்
யஷ்வந்த் பலகையில் சாய்ந்தான்.
பெயிண்ட் காயவில்லை.
விலகியபோது புதுச் சீருடையின் முதுகில்
கண்ணாடிக்குள் இருப்பதுபோல் புரண்டு
சிவப்பாக ஆபத்து.
பின்னால் நின்றவர்கள் எழுத்துக் கூட்டிப் பார்த்தார்கள்.

கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
தன் முதுகு யாருக்குத் தெரியும்.
"அம்மா அடிக்கும் மிஸ்.
ஒரே நிமிஷம், அலசிட்டு வந்துடறேன்"
என்று
கம்பி தீர்ந்த பக்கமாக
நடந்தான்.

நான் போட்ட சத்தம்
மூன்று சுவரிலும் மோதி மூன்று முறை திரும்பியது.
அதில் அவன் பெயர் இருந்ததா என்று நினைவில்லை.
நின்றுவிட்டான்.
எல்லோரும் நின்றுவிட்டார்கள்.
ஒளித்த மாங்காய் விழுந்து
பாறையில் உருண்டு போய்
தண்ணீரைத் தொடும்வரை யாரும் பேசவில்லை.

திரும்பும் வழியெல்லாம் எண்ணினேன்.
முப்பத்தேழு. முப்பத்தேழு.
ரோட்டைக் கடந்தபின் மறுபடி முப்பத்தேழு.

சாயங்காலம் அவன் வீடுவரை போனேன்.
கதவைத் திறந்தவள் சட்டையைப் பார்க்குமுன்
"அடிக்காதீங்க" என்றேன்.
குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் மகனைத் திருப்பி நிறுத்தி,
முதுகை ஒருமுறை பார்த்து,
"இதுக்கா மிஸ் இவ்ளோ தூரம் வந்தீங்க" என்று சிரித்துக்கொண்டே
மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று
பக்கத்து வீட்டில் கேட்கப் போனாள்.